யாரும் இல்லாத இடமாம்

புறம்போக்கு. இந்த ஒரு சொல்லை வைத்து ஒரு மனிதனை ஏசலாம், ஒரு ஊரையும் பறிக்கலாம். பஸ்ஸில் காலை மிதித்தவனைப் பார்த்து வாய்கூசாமல் சொல்கிறோமே, அது பிறக்கும்போது வசவு இல்லை. ஊருக்கெல்லாம் பொதுவான இடத்துக்குப் பெயர். ஏரி, ஏரிக்கரை, ஓடை, வண்டிப்பாதை, மந்தைவெளி, களம், சுடுகாடு. இவற்றுக்குத் தீர்வை விதிக்க முடியாது என்பதால் கணக்குப் புத்தகத்தில் புறத்தே தள்ளினார்கள். தீர்வை தராதது எதற்கும் ஆகாதது என்று அந்தச் சொல் படிப்படியாகக் கீழே இறங்கிக் கடைசியில் கெட்ட வார்த்தையாகிவிட்டது. அந்த நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள் யார், அந்தச் சொல்லைக் கெடுத்தவர்கள் யார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நான் தேர்வாய் கண்டிகைக்காரன் இல்லை. அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அதே மாதிரி ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கும் ஒரு காலனியில் பிறந்தவன். அவர்களுக்கு நடந்ததைப் பேச எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்டால், அவர்களுக்கு நடந்தது நாளைக்கு எங்களுக்கும் நடக்கும் என்பதுதான் பாத்தியதை.

கும்மிடிப்பூண்டி தாலுகாவின் மேற்கோரம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் தேர்வாய் கண்டிகை. குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஊரை ஒட்டி 1,127 ஏக்கர் நிலம் இருந்தது. வி.ஏ.ஓ. ஆபீஸ் கணக்கில் அதற்குப் பெயர் மேய்க்கால் புறம்போக்கு. கண்ணால் பார்த்தவனுக்கு அது காடு. களாவும் காரையும் சூரையும் ஈச்சம்புதரும் மண்டிய வறண்ட நிலத்துக் காடு. சுற்றுலாக்காரன் போட்டோ எடுக்க வரமாட்டான். ஆனால் விடிந்தால் ஆடு அங்கேதான் போகும், மாடு அங்கேதான் போகும். அடுப்புக்குச் சுள்ளி அங்கே. பிள்ளை பெற்றவளுக்கு மூலிகை அங்கே. கையில் காசில்லாத நாளில் பிள்ளைகள் பறித்துத் தின்னப் பழமும் அங்கே. அந்தச் சரிவில் விழுந்த மழை மெல்ல மெல்ல இறங்கி ஏரிக்கு வரும், ஏரியிலிருந்து மதகு வழியாக வயலுக்குப் போகும். காட்டைக் காத்து வளர்த்தது நாங்கள்தான் என்று அந்த ஊர்ச் சனம் போகிற இடமெல்லாம் சொன்னது. சொன்னதை யார் எழுதிக்கொண்டார்கள்?

எழுதிக்கொண்டது வேறு கதை. அரசாங்கப் புறம்போக்கு, காலி இடம், தனியார் பட்டா கிடையாது, வில்லங்கம் கிடையாது, சென்னையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், துறைமுகமும் பக்கம். தொழிற்பேட்டைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நிலம் சிப்காட்டுக்குப் போனது. 2009 நவம்பரில் பிரான்ஸ் நாட்டு டயர் நிறுவனமான மிஷெலின் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 4,000 கோடி ரூபாய் முதலீடு, ஏறத்தாழ 290 ஏக்கர் இடம். தொழில் வளர்ச்சி என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. ஊரில் வந்தது பொக்லைன். மரங்கள் சாய்ந்தன. மறித்து நின்ற பெண்களைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். வழக்குகள் போட்டார்கள். இடுப்பில் பிள்ளையோடு கோர்ட்டுக்கு அலைந்து வாய்தா வாங்குவது என்றால் என்னவென்று கூலிக்குப் போகிறவளைக் கேளுங்கள். ஒரு வாய்தா, ஒரு நாள் சோறு.

நஷ்டஈடு கேட்கலாமே என்று நல்லவர்கள் சொன்னார்கள். பட்டா எங்கே என்று அதிகாரிகள் கேட்டார்கள். அட, பட்டா இல்லாத இடம் என்பதால்தானே ஐயா அதைத் தேர்ந்தெடுத்தீர்கள்! பட்டா இருந்தால் விலை தர வேண்டும், பேச்சு நடத்த வேண்டும், கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டும். மேய்க்கால் என்றால் ஒரு கோப்பு, ஒரு கையெழுத்து. மாடு மேய்த்தவனுக்கு எதற்கு ஈடு, அவன் மாட்டை வேறு எங்காவது மேய்க்கட்டும் என்பது கணக்கு. அந்த 'வேறு எங்காவது' எங்கே இருக்கிறது என்று ஒருவராவது கையை நீட்டிக் காட்டட்டும். பக்கத்து நிலமெல்லாம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்தவன் வரப்பில் எங்கள் ஆடு வாய் வைத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

பட்டா ஏன் இல்லை என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. இந்தத் திருவள்ளூர் மாவட்டம் 1997 வரை செங்கல்பட்டோடு இருந்தது. அந்தச் செங்கல்பட்டுக்குக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர் 1891இல் எங்கள் சனத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். உழுகிறவனுக்கு ஒரு சாண் நிலமில்லை, குடியிருக்கும் மண்ணும் அவனுடையதில்லை, ஆண்டையோடு முறைத்தால் அன்றைக்கே குடிசை காலி என்று எழுதினார். அதைப் படித்த பிறகுதான் 1892இல் எங்கள் சனத்துக்கென்று பஞ்சமி நிலம் வந்தது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். வேறு சாதிக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்ததும் எப்படிக் கை மாறியது என்பதைப் பேசினால் இன்னொரு ராத்திரி வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்: சொந்தமாக நிலம் கிடைக்காதவனுக்குப் பொது நிலம்தான் சொந்த நிலம். பத்து ஏக்கர்காரனுக்கு மேய்க்கால் போனால் ஒரு வசதி போகும். எங்களுக்குப் போனால் முழு ஆஸ்தியும் போகும். டிரெமன்ஹீர் எழுதிய அதே மண்ணில், நூறு வருஷம் தாண்டி, மிச்சமிருந்த பொதுவையும் எடுத்தார்கள்.

தேர்வாய் கண்டிகையில் இருந்தது காடே இல்லை என்று வாதம் வேறு. காடு என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளே போதும், அரசுக் கணக்கில் என்ன பெயர் இருந்தாலும் சரி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது. கோதவர்மன் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். அகராதியைப் புரட்டுவதற்குள் பொக்லைன் வந்துவிட்டதே! 2011 ஜனவரி 28ஆம் தேதி அதே நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு கொடுத்தது. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்றி ஊருக்கே திருப்பிக் கொடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு. பஞ்சாபில் ஒரு குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் வழக்கு அது. அதைப் படித்தபோது நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லி ஓடையோரக் குடிசைக்கு நோட்டீஸ் ஒட்டத் தெரிகிறது. 1,127 ஏக்கருக்கு நோட்டீஸ் ஒட்ட யாருக்கும் பசை கிடைக்கவில்லை.

இங்கே கதவு திறக்காததால் அந்த ஊர்ச் சங்கம் கடல் தாண்டிப் போய்க் கதவைத் தட்டியது. 2012 ஜூலையில், தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்போடும் பிரான்சின் சேஜேத்தே தொழிற்சங்கத்தோடும் வேறு இரண்டு பிரெஞ்சு அமைப்புகளோடும் சேர்ந்து பாரிசில் முறையிட்டார்கள். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி தன் உறுப்பு நாட்டுக் கம்பெனிகள் வெளியே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிமுறை வைத்திருக்கிறது. அதைப் பார்க்க ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் ஒரு அலுவலகம் உண்டு. பிரான்சில் அது நிதி அமைச்சகத்தோடு சேர்ந்தது. கம்பெனி வளர வேண்டும் என்று கவலைப்படும் வீட்டிலேயே கம்பெனி மேல் பிராது! நடுநிலை இல்லை என்று சொல்லி முறையிட்டவர்களே விலகினார்கள். 2013 செப்டம்பரில் அந்த அலுவலகம் அறிக்கை கொடுத்தது: நிறுவனம் விதிகளை மீறியதாகச் சொல்வதற்கில்லை, ஆனாலும் மனித உரிமைப் பாதிப்புகளை இன்னும் நன்றாக ஆராய்ந்து கவனிக்க வேண்டும் என்று பரிந்துரை. அடித்தவன் குற்றவாளி இல்லை, இனிமேல் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளட்டும் என்பது போல எனக்குப் பட்டது. நிலத்தைக் கொடுத்தது அரசாங்கம், நாங்கள் வாங்கித்தான் கொண்டோம் என்பது கம்பெனிப் பக்கத்து நியாயம். அதில் உண்மையும் இருக்கிறது. திருட்டு மாட்டைச் சந்தையில் ரசீதோடு வாங்கியவனுக்கும் அந்த நியாயம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ராத்திரி தூக்கம் வராமல் எங்கோ தொலைதூரத்து வழக்கு ஒன்றைப் படித்தேன். படித்த பிறகு சுத்தமாகத் தூங்கவில்லை.

கனடாவின் வடகோடியில் பாஃபின் தீவு என்று ஒரு பெரிய தீவு. அதன் கிழக்குக் கரையில் கிளைட் ரிவர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் பேர். இனுயிட் மக்கள். ஒரு காலத்தில் எஸ்கிமோ என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தார்களே, அவர்கள்தான், ஆனால் அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்காது. (எங்களுக்கும் அடுத்தவர் வைத்த பெயர்கள் உண்டு, அவையும் எங்களுக்குப் பிடிக்காது.) வருஷத்தில் பெரும்பகுதி பனி மூடிய கடல்தான் அவர்களுக்கு வயல். சீல் பிடிப்பார்கள், ஒற்றைக் கொம்பு நீட்டிய நார்வால் திமிங்கிலம் பிடிப்பார்கள். கடைச் சாமான் விமானத்தில் வந்து இறங்கினால் விலை கேட்கவே முடியாது. கடல் கொடுத்தால்தான் சோறு.

அந்தக் கடலடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க நார்வே நாட்டுக் கம்பெனிகள் வந்தன. தண்ணீருக்குள் காற்றுத் துப்பாக்கி வெடித்து, அதன் எதிரொலியை வைத்துப் பூமிக்கு அடியில் இருப்பதைக் கணக்கிடுவது அந்த வேலை. அந்தச் சத்தத்தில் திமிங்கிலம் ஓடிவிடாதா என்று ஊர்க்காரர்கள் கூட்டத்தில் கேட்டார்கள். நேருக்கு நேர் பதில் வரவில்லை. பிறகு பதில் என்று ஒன்று வந்தது. 3,926 பக்கம்! பெரும்பாலும் இங்கிலீஷில், இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். அவர்கள் மொழியான இனுக்டிடுட்டில் இருந்தது அதில் சிறு பகுதி. இணையம் நத்தை வேகத்தில் ஓடும் ஊரில் அதை இறக்கிப் பார்ப்பதே பெரும்பாடு. 2014இல் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். ஊர் மேயர் வழக்குப் போட்டார். 2017 ஜூலை 26ஆம் தேதி கனடா உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லாரும் ஒருமித்து அந்த அனுமதியை ரத்து செய்தார்கள். மக்களுக்குப் புரியாத காகிதத்தைக் கொட்டிவிட்டுப் போவது கலந்தாலோசனை ஆகாது, அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவர்கள் உரிமைக்கு என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

கனடா சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 1953இல் அதே அரசாங்கம்தான் இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி இன்னும் வடக்கே, பல மாதம் சூரியனே எழாத இடத்தில் கொண்டுபோய் இறக்கியது. பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம் என்ற வாக்கைக் காற்றில் விட்டது. மன்னிப்பு என்ற சொல் அதன் வாயிலிருந்து வர 2010 ஆனது. கிளைட் ரிவர் ஜெயித்த அதே நாளில் அதே நீதிமன்றம் எண்ணெய்க் குழாய்க்கு எதிராக வந்த இன்னொரு பூர்வகுடி மக்களின் வழக்கைத் தள்ளுபடியும் செய்தது. ஆனாலும் 3,926 பக்கம் என்று படித்ததும் எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவர்களை ஏமாற்றவாவது நாலாயிரம் பக்கம் அச்சடித்தார்களே! தேர்வாய் கண்டிகையில் 'உங்களுக்குச் சம்மதமா' என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்து நீட்டிய ஆள் யார்?

விதியே அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் ஒரு சலுகை உண்டு. அங்கீகரித்த தொழிற்பூங்காவுக்குள் வரும் ஆலைக்குத் தனியாகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. வேலிக்குள்ளே யார் வந்தாலும் வேலிக்கு வெளியே இருப்பவனிடம் சொல்ல வேண்டியதில்லை என்று பச்சையாக அர்த்தம். புகை வேலியைப் பார்த்தா நிற்கிறது?

இனுயிட் மக்களுக்கு ஒப்பந்தம் இருந்தது, உங்களுக்கு என்ன இருந்தது என்று ஒரு வக்கீல் நண்பர் என்னை மடக்கினார். நியாயம். 1993 மே மாதம் கனடா அரசும் இனுயிட் மக்களும் கையெழுத்திட்ட நுனாவுட் ஒப்பந்தம்தான் அந்த வழக்குக்கு முதுகெலும்பு. சரி, 1993இல் நமக்கு என்ன வந்தது? அதற்கு ஒரு மாதம் முன்னால், ஏப்ரல் 24ஆம் தேதி, அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கிராம சபை என்ற ஒன்றுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்த நாள். அடுத்த வருஷம் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, தோப்பு போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஊராட்சிக்குத் தருகிறது. ஆக, எங்களிடமும் ஒரு காகிதம் இருந்தது. தேர்வாய் கண்டிகை கிராம சபை கூடி, இந்த நிலத்தைக் கொடுக்க எங்களுக்குச் சம்மதமில்லை என்று தீர்மானமும் போட்டது. கையெழுத்துத் தெரிந்தவர் கையெழுத்துப் போட்டார், தெரியாதவர் ரேகை வைத்தார். ஆகஸ்டு 15க்கும் ஜனவரி 26க்கும் கிராம சபையைக் கூட்டு, குப்பையைப் பற்றிப் பேசு, கழிப்பறையைப் பற்றிப் பேசு என்று சுற்றறிக்கை அனுப்பும் அரசாங்கத்துக்கு, அந்தச் சபை ஒரே ஒரு தடவை 'மாட்டோம்' என்று சொன்னதும் காது அடைத்துப்போனது.

வேலை கிடைத்ததே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊருக்குள்ளேயே இரண்டு பேச்சு இருந்தது, நான் மறைக்கவில்லை. காடு போனாலும் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று நினைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆட்டுக்குப் பின்னால் காலம் பூரா தன் மகன் நடக்க வேண்டும் என்று எந்தத் தாய்க்கு ஆசை? ஆனால் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையை இன்று நேற்றா பார்க்கிறோம்? கேட்டுக்கு வெளியே விடியற்காலை நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும். கான்ட்ராக்ட், அதற்குள் சப் கான்ட்ராக்ட். தோட்ட வேலை, துப்புரவு, செக்யூரிட்டி. ஐடிஐ முடித்தவன் ஆறு மாசம் உள்ளே, ஆறு மாசம் வெளியே. வேலை போனால் அப்பன் காலத்தில் திரும்பிப் போகக் காடு இருந்தது. மகனுக்கு அதுவும் இல்லை. தவிர, வேலைக்குப் போவது பிள்ளை. விறகுக்கும் தழைக்கும் போனது கிழவி. அவளுக்கு எந்தக் கேட்டில் பாஸ் கொடுப்பார்கள்?

கிழவி இப்போது கேஸ் வாங்குகிறாள். ஆட்டுக்குத் தீனி வாங்க வேண்டியிருப்பதால் ஆட்டை விற்றுவிட்டாள். இதற்கெல்லாம் மாநில உற்பத்திக் கணக்கில் நல்ல பெயர் இருக்கும். முன்னே காசில்லாமல் நடந்தது, அது கணக்கில் வராது. இப்போது காசு கொடுத்து நடக்கிறது, அது வளர்ச்சி.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். அதே பகுதியில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளைச் சேர்த்து 380 கோடி ரூபாய் செலவில் ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். கொள்ளளவு அரை டிஎம்சி. 2020 நவம்பர் 21ஆம் தேதி சென்னைக்கு வந்த மத்திய உள்துறை அமைச்சர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஆதாரம் என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். சென்னைக்காரர் குடிக்கட்டும், தாகம் எல்லாருக்கும் ஒன்றுதான். குழாயைத் திறக்கும்போது நான் கேட்பது ஒன்றுதான். நிலம் வேண்டும் என்றாலும் அந்த ஊர், தண்ணீர் வேண்டும் என்றாலும் அந்த ஊர். தொழிலுக்கும் அதன் பெயர், அணைக்கும் அதன் பெயர். பெயர்ப் பலகை எழுதும்போது மட்டும் தேர்வாய் கண்டிகை இருக்கிறது. முடிவெடுக்கும்போது அது யாரும் இல்லாத இடம்.

யாரும் இல்லாத இடமா? ஆடு மேய்த்த காலடித் தடம் குறுக்கும் நெடுக்கும் ஓடிய இடத்தைப் பார்த்து யாரும் இல்லை என்று எழுத எந்தக் கை துணிந்தது? ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெயர் வைத்திருந்தவர்களைப் பார்த்து! அந்தப் பெயர்களில் ஒன்றுகூட ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் இல்லை. அங்கே இருப்பதெல்லாம் சர்வே நம்பர். கிளைட் ரிவர்காரர்களுக்கும் அவர்களுடைய பனிக்கட்டிக்கும் குடாவுக்கும் ஆயிரம் பெயர் இருக்கும். கப்பலில் வந்தவனின் வரைபடத்தில் அவர்கள் ஊரே வெள்ளைக்காரன் வைத்த பெயரில்தான் கிடந்தது.

வெட்டிய காட்டை முளைக்க வை என்று நான் கேட்கவில்லை. ஆலையை இடி என்றும் கேட்கவில்லை. நான் இடி என்றால் இடித்துவிடவா போகிறீர்கள்? கும்மிடிப்பூண்டி தாலுகாவில் ஏதோ ஒரு ஆபீஸில், ஏதோ ஒரு பீரோவில், நூல் கட்டிய ஒரு கோப்பு இருக்க வேண்டும். அதற்குள் தேர்வாய் கண்டிகை கிராம சபைத் தீர்மானத்தின் நகல் இருக்க வேண்டும். இரண்டோ மூன்றோ பக்கம், அதுவும் தமிழில்தான். நாலாயிரம் பக்கம் இல்லை, படிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. அதை எடுத்து, தூசி தட்டி, கீழே இருக்கும் ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, 'படித்தேன்' என்று ஓரத்தில் எழுதி, தேதி போட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கள் ஐயா. எழுதியவர்களில் எத்தனை பேர் இப்போது உயிரோடு இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.